எந்தப் பகுதிக்கு முதலில் தண்ணீர்? நகர்ப்புற ஏழைப் பகுதிகளைத் தேர்ந்தெடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நகரத்தில் வருமானம் குறைந்தவர்கள் வாழும் பகுதிகளுக்குக் குடிநீர்த் திட்டம் வரும்போது, கையில் இருக்கும் பணம் எல்லாப் பகுதிக்கும் போதாது. எதை முதலில் எடுப்பது, எதைத் தள்ளிவைப்பது என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவில் பங்குள்ள பொறியாளர்கள், நகராட்சி அலுவலர்கள், தொண்டு நிறுவனத்தினர், குடியிருப்போர் சங்கத்தினர் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

குறைந்த வருமானப் பகுதி என்றால் குடிசைப்பகுதி மட்டும்தானா?

இல்லை. ஐ.நா.வின் வாழ்விட அமைப்பு ஐந்து குறைகளைச் சொல்கிறது: பாதுகாப்பான குடிநீர் இல்லாமை, கழிப்பறை இல்லாமை, ஓர் அறையில் மூன்று பேருக்கு மேல் நெருக்கியடித்து வாழ்வது, உறுதியில்லாத வீடு, எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றப்படலாம் என்ற நிலை. இவற்றில் ஒன்று இருந்தாலே அது குடிசைவாழ் குடும்பம்தான். ஆனால் ஏழைகள் எல்லோரும் குடிசைப்பகுதியில் இருப்பதில்லை. அரசே மனை பிரித்துக் கொடுத்து, குழாய் மட்டும் போடாமல் விட்ட இடங்கள் உண்டு. நகரம் வளர்ந்து விழுங்கிய பழைய கிராமங்கள் உண்டு. வரிசை வீடுகளில் ஒற்றை அறை வாடகைக்கு இருப்பவர்களின் தெருக்கள் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இவையெல்லாம் சாதாரணத் தெருக்களாகத்தான் தெரியும்.

அளவும் ஒரு சிக்கல். இந்தியாவின் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, குடிசைப்பகுதி என்று அரசு முறைப்படி அறிவிக்காத இடங்களில் குறைந்தது 300 பேர் அல்லது 60–70 வீடுகள் நெருக்கமாக இருந்தால்தான் குடிசைப்பகுதியாக எடுத்துக்கொண்டது. ரயில் பாதை ஓரத்திலோ வாய்க்கால் கரையிலோ 40 வீடுகள் இருந்தால் அந்தக் கணக்கில் வராது. புள்ளிவிவரத்துக்கு எங்கேயாவது ஒரு கோடு போட வேண்டும், சரி. குழாய்த் திட்டத்துக்கும் அதே கோட்டைப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. உங்கள் திட்டத்துக்கான வரையறையை நீங்களே எழுதி, வேலை தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரியப்படுத்திவிடுங்கள்.

தேர்வில் முதல் வேலை எது?

நகரத்தின் ஏழைப் பகுதிகள் எல்லாம் அடங்கிய பட்டியல். நாம் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். எது முதலில் என்று வரிசைப்படுத்தப் பகுதிகளுக்கு மதிப்பெண் எப்படிப் போடுவது என்று நாள்கணக்கில் விவாதிப்பார்கள். மதிப்பெண் போடப்போகிற பட்டியலை எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேட்டால் யாரோ கொடுத்த பழைய தாள் ஒன்று வரும். அதில் இல்லாத பகுதி எவ்வளவு தவித்தாலும் அதற்கு மதிப்பெண்ணே கிடையாது. அநியாயத்தில் பெரும்பகுதி இங்கேயே, யாரும் கவனிக்காமல் நடந்து முடிந்துவிடுகிறது.

இந்தியாவில் 2012-இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி நகரங்களில் சுமார் 33,510 குடிசைப்பகுதிகள் இருந்தன. அரசு முறைப்படி அறிவித்தவை அவற்றில் ஏறத்தாழ 41 சதவீதம்தான். அறிவிக்கப்பட்டவற்றின் பட்டியலை மட்டும் வைத்து ஒரு திட்டம் தொடங்கினால், பாதிக்கு மேற்பட்ட பகுதிகள் முதல் நாளே வெளியே போய்விடும்.

கென்யா வேறு வழியில் போனது. அங்கே நீர்த்துறை அமைச்சகமும் நீர்ச் சேவைகளுக்கான அறக்கட்டளை நிதியமும் சேர்ந்து, நாட்டின் நகர்ப்புற ஏழைப் பகுதிகளைப் பற்றிய தகவல்களைத் திரட்டி ‘மஜிடேட்டா’ என்ற தரவுத்தளத்தை 2011-இல் வெளியிட்டன. எங்கே எத்தனை பேர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை எப்படி என்பது அதில் பகுதிவாரியாக இருந்தது. இதனால் நிதி கேட்டு வரும் விண்ணப்பத்தை அலுவலகத்தில் உட்கார்ந்தே ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது.

அப்படி ஒரு தரவுத்தளம் இல்லாத ஊரில் பட்டியலை எப்படித் தயாரிப்பது?

செயற்கைக்கோள் படத்தில் தொடங்குங்கள். சிறிய கூரைகள், இடைவெளி இல்லாத நெருக்கம், வண்டி நுழைய முடியாத சந்துகள் ஆகியவை படத்திலேயே தெரியும். அதன்மேல் குழாய் வரைபடத்தை வைத்துப் பாருங்கள். கூரைகள் இருந்தும் குழாய்க் கோடு இல்லாத இடங்கள்தான் உங்கள் முதல் பட்டியல். அப்புறம் லாரித் தண்ணீர் போகும் தடங்களின் பதிவேடு, சுகாதாரப் பணியாளர்களின் வயிற்றுப்போக்குப் பதிவுகள், மின் இணைப்புப் பட்டியல் ஆகியவற்றோடு சரிபாருங்கள்.

எந்தப் பதிவேட்டையும்விடத் தண்ணீர் விற்கிறவருக்கு அதிகம் தெரியும். எந்தச் சந்தில் எத்தனை கேன் போகிறது, எந்த மாதத்தில் விலை ஏறும், எந்தக் குழாயில் உப்பு என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருக்கும். குழாய் வந்தால் தன் பிழைப்பு போய்விடும் என்ற பயமும் இருக்கும். ஆகவே அவர் சொல்வதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அவரைக் கேட்காமல் இருக்க வேண்டாம்.

குடியிருப்பவர்களே தங்களைக் கணக்கெடுத்துக்கொள்ளும் முறையும் உண்டு. ஜோக்கின் அற்புதம் தலைமை ஏற்ற தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பும், பின்னர் பல நாடுகளில் பரவிய குடிசைவாசிகளின் சர்வதேச அமைப்பும் இதைத் தங்கள் அடிப்படை வேலையாகவே வைத்திருக்கின்றன. வீட்டுக்கு எண் போட்டு, வரைபடம் போட்டு, அதை வைத்து நகராட்சியிடம் பேசுகிறார்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருக்கும் வரைபடத்தை ஒதுக்கிவிட்டு, புதிதாக ஆலோசகரை அமர்த்தி அதே வேலையைச் செய்வது பணத்துக்குக் கேடு.

மக்கள்தொகைக்கு எந்த எண்ணை நம்புவது?

கென்யத் தலைநகர் நைரோபியில் உள்ள கிபேரா குடிசைப்பகுதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பத்து லட்சம் பேர் வரை இருப்பதாகப் பல ஆண்டுகள் எல்லோரும் எழுதிவந்தார்கள். 2009 கணக்கெடுப்பில் வந்தது 1,70,070 பேர். அந்த எண் குறைவு என்று வாதிடுபவர்கள் உண்டு. ஆனாலும் பத்து லட்சத்துக்கு அருகில் எதுவும் இல்லை.

எண்ணைக் கூட்டிச் சொன்னால் இரண்டு கெடுதல். ஒன்று, குழாய் தேவைக்கு மேல் பெரிதாகும். தண்ணீர் உள்ளே தேங்கிக் கிடந்து, கிருமியைக் கொல்லும் குளோரின் தீர்ந்து, கடைசி வீட்டை அடையும். இரண்டாவது நுட்பமானது. செலவைத் தலைக்கு இவ்வளவு என்று வகுக்கும்போது, ஆள் எண்ணிக்கை ஊதியிருந்தால் தலைக்குச் செலவு குறைந்து தெரியும், அந்தப் பகுதி மேலே வந்துவிடும். இதைத் தெரிந்தே செய்பவர்களும் இருக்கிறார்கள்.

எளிய வழி, கூரையை எண்ணுவது. ஒரு பகுதியில் 1,200 கூரைகள் என்று வைத்துக்கொள்வோம். அங்கொன்றும் இங்கொன்றுமாக 60 கூரைகளை எடுத்து நேரில் கேட்டால், கூரைக்குச் சராசரி 1.8 குடும்பம், குடும்பத்துக்கு 4.2 பேர் என்று வருகிறது. அப்படியானால் 2,160 குடும்பங்கள், சுமார் 9,070 பேர். ஆளுக்கு நாளுக்கு 50 லிட்டர் என்றால் 454 கன மீட்டர் தேவை. குழாயில் கால் பங்கு கசிவில் போகும் என்றால் 605 கன மீட்டர் அனுப்ப வேண்டும். 50 லிட்டர் என்பது ஆடம்பரம் ஒன்றுமில்லை. 50 முதல் 100 லிட்டர் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதன் கீழ் எல்லை அது.

கேட்கப் போவதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் போனால் வேலைக்குப் போனவர்களின் வீடு பூட்டிக் கிடக்கும். வீட்டுக்காரரிடம் கேட்டால் வாடகைக்கு இருப்பவர்களைக் குறைத்துத்தான் சொல்வார், வரி பயம்.

சரி, எந்த அளவுகோல்களை வைப்பது?

இரண்டு கட்டமாகப் பிரித்தால் குழப்பம் குறையும். முதல் கட்டத்தில் ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகள் மட்டும்: அந்தப் பக்கம் அனுப்பத் தண்ணீர் இருக்கிறதா? அடுத்த சில ஆண்டுகளில் அந்த இடம் காலி செய்யப்படும் என்று உறுதியான ஆணை இருக்கிறதா? வேறொரு திட்டம் ஏற்கெனவே பணத்தோடு அங்கே வந்துகொண்டிருக்கிறதா? இதில் வடிகட்டி மிஞ்சியவற்றுக்கு மட்டும் மதிப்பெண்.

மதிப்பெண் கட்டத்தில் பலரும் ஒரு பொறியில் விழுகிறார்கள். முதன்மைக் குழாயிலிருந்து எவ்வளவு தூரம், மேடு எவ்வளவு, தலைக்கு என்ன செலவு, வேலை முடிய எத்தனை மாதம் என்று நான்கு தலைப்புகள் போடுவார்கள். யோசித்துப் பார்த்தால் நான்கும் ஒரே விஷயம்: எளிதா, கடினமா. அவசியம் என்பதற்கு ஒரே ஒரு தலைப்பு இருக்கும். ஆகவே முதன்மைக் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும் பகுதி எப்போதும் ஜெயிக்கும். குன்றின்மேல் இருக்கும் பகுதி, தண்ணீருக்காக அரைநாள் அலைந்தாலும், எப்போதும் தோற்கும். அடுத்த சுற்றிலும் தோற்கும், ஏனென்றால் குன்று அங்கேயேதான் இருக்கும்.

இதற்கு மருந்து, இரண்டையும் ஒரே கூட்டலில் போடாமல் இருப்பது. தேவைக்குத் தனி மதிப்பெண், சாத்தியத்துக்குத் தனி மதிப்பெண். இரண்டையும் ஒரு தாளில் குறுக்கும் நெடுக்குமாக வரைந்து, ஒவ்வொரு பகுதியையும் புள்ளியாக வையுங்கள். தேவை அதிகம், வேலை எளிது என்ற மூலையில் விழுபவற்றைப் பற்றிச் சண்டையே வராது; உடனே எடுத்துவிடலாம். தேவை அதிகம், வேலை கடினம் என்ற மூலைக்கு நிதியில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்குங்கள். எவ்வளவு என்பது உங்கள் முடிவு. ஆனால் பூச்சியமாக இருக்கக் கூடாது.

தேவையை அளக்கப் பெரிய ஆய்வெல்லாம் வேண்டாம். போய்வர எவ்வளவு நேரம், ஒரு கேனுக்கு என்ன விலை, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது, தரம் எப்படி, வயிற்றுப்போக்கும் காலராவும் எந்த அளவு. இந்த ஐந்தும் போதும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் நடத்தும் கூட்டுக் கண்காணிப்பில், போய் வரிசையில் நின்று திரும்ப 30 நிமிடத்துக்கு மேல் ஆனால் அது அடிப்படைச் சேவையாகக்கூடக் கணக்கில் வராது. நேரத்துக்கு அந்தக் கோட்டையே வைத்துக்கொள்ளலாம்.

நேரில் போய்ப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

விடிவதற்கு முன் போங்கள். பதினொரு மணிக்கு ஜீப்பில் போய் இறங்கினால் தெரிவது வேறு, ஐந்து மணிக்கு நடந்து போனால் தெரிவது வேறு. வரிசையில் ஆளுக்குப் பதில் கேன்கள் நிற்கின்றனவா? அப்படியானால் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்று பொருள். பீப்பாய்களுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்களா? தண்ணீர் திருட்டுப் போகிற அளவுக்குப் பஞ்சம். சாக்கடைக்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் கொத்தாக ஓடுகின்றனவா? யாரோ எங்கோ இணைப்பு எடுத்து விற்கிறார்கள். முதன்மைக் குழாய் நீங்கள் நினைத்ததைவிடப் பக்கத்தில் இருக்கிறது.

குழாயடியில் ஒரு 20 லிட்டர் கேன் நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று கைபேசியில் அளந்துகொள்ளுங்கள். 100 வினாடி என்றால் வினாடிக்கு 0.2 லிட்டர். கேன் மாற்றும் நேரம், சச்சரவு நேரம் எல்லாம் சேர்த்து ஒரு கேனுக்கு இரண்டரை நிமிடம். ஆறு மணி நேரம் தண்ணீர் வந்தால் 144 கேன். அதாவது 2,880 லிட்டர். ஆளுக்கு வெறும் 20 லிட்டர் கொடுத்தாலும் 144 பேருக்குத்தான் போதும். அந்தக் குழாயை நம்பி 600 பேர் இருப்பதாகப் பதிவேட்டில் இருந்தால், மீதிப் பேர் எங்கே பிடிக்கிறார்கள் என்பது உங்கள் அடுத்த கேள்வி.

தலைவர் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அதே கேள்விகளைக் கடைசிச் சந்தில் வாடகைக்கு இருக்கும் பெண்ணிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துப்போனால் அது நல்ல அறிகுறி.

ஊருக்கே தண்ணீர் போதவில்லை. புதிய பகுதியை இணைப்பது சரியா?

இந்தக் கேள்வி ஏழைப் பகுதி வரும்போது மட்டும் கேட்கப்படுவதைக் கவனித்திருக்கிறீர்களா? பெரிய அடுக்குமாடிக்கு இணைப்புக் கொடுக்கும்போது யாரும் கேட்பதில்லை. இருந்தாலும் கேள்வி நியாயமானதே. குழாய் போட்டுக் காற்று மட்டும் வந்தால், மக்கள் அடுத்த முறை நம்ப மாட்டார்கள்.

இணைப்பு எடுக்கப்போகும் இடத்தில் அழுத்தமானியைப் பொருத்தி ஒரு முழு நாளாவது பதிவு செய்யுங்கள். ஒரு ‘பார்’ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் தண்ணீரைச் சுமார் 10 மீட்டர் ஏற்றும். பகுதி 12 மீட்டர் மேட்டில் இருந்து, காலையில் அழுத்தம் ஒரு பாருக்குக் கீழே போனால், தொட்டியோ பம்போ இல்லாமல் அங்கே தண்ணீர் ஏறாது. விட்டுவிட்டு வரும் குழாயில் இன்னொரு ஆபத்தும் உண்டு: தண்ணீர் நிற்கும் நேரத்தில் குழாய் வெளியே இருப்பதை ஓட்டை வழியாக உள்ளே இழுக்கும். அது சாக்கடைக்குள் ஓடினால் என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பல ஊர்களில் தண்ணீர் போதாததற்குக் கசிவும் திருட்டும் ஒரு முக்கியக் காரணம். கம்போடியாவின் புனோம்பென்னில் 1993-இல், விநியோகித்த தண்ணீரில் சுமார் 72 சதவீதத்துக்குக் காசு வரவில்லை. ஏக் சொன் சான் தலைமையில் அந்த ஊர் நீர் ஆணையம் அதை 6 சதவீதம் அளவுக்குக் கொண்டுவந்து, 24 மணி நேரமும் விநியோகித்து, ஏழைக் குடும்பங்களையும் இணைத்தது. புதிய நீராதாரத்தைத் தேடும் முன் கசிவைப் பாருங்கள்.

பட்டா இல்லாத இடத்தில் குழாய் போடலாமா?

போடலாம். நிலவுரிமையைத் தகுதிச் சோதனையாக வைத்தால், தண்ணீர் மிகவும் தேவைப்படுபவர்கள் மொத்தமாகக் கழிந்துபோவார்கள். 2010 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை குடிநீரை மனித உரிமையாக ஏற்றது. 2014 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம், பானி ஹக் சமிதி என்ற அமைப்பு தொடுத்த வழக்கில், குடியிருப்பு சட்டவிரோதமானது என்பதற்காக மக்களுக்குத் தண்ணீரை மறுக்க முடியாது என்றது.

டாக்காவில் 1990களில் துஷ்த ஸ்வஸ்த்ய கேந்திரா என்ற தொண்டு நிறுவனம் தானே பிணை நின்று, நிலவுரிமை இல்லாத குடியிருப்புகளுக்கு அந்த நகரத்தின் குடிநீர் வாரியத்திடமிருந்து இணைப்பு வாங்கிக் கொடுத்தது. பணம் ஒழுங்காக வருவதைக் கண்ட வாரியம், பிறகு மக்களின் குழுக்களுக்கு நேரடியாகவே இணைப்புத் தர முன்வந்தது. தண்ணீர்க் கட்டண ரசீது நில உரிமைக்கு ஆதாரம் ஆகாது என்று இணைப்புப் படிவத்திலேயே எழுதிவிட்டால், நிலத்துறையின் ஆட்சேபம் பெரும்பாலும் அடங்கிவிடும். வெளியேற்ற ஆபத்து உண்மையிலேயே இருந்தால், கழற்றி எடுக்கக்கூடிய பிளாஸ்டிக் தொட்டி, பகுதி முழுவதற்கும் சேர்த்து எல்லையில் ஒரே மீட்டர், தரைக்கு மேலாக ஓடும் குழாய் என்று வடிவமைப்பை மாற்றுங்கள்.

அவர்களால் கட்டணம் கட்ட முடியுமா?

இப்போதே கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதிகமாக. குடிசைப்பகுதி மக்கள் அதே நகரத்தின் வசதியானவர்களைவிட லிட்டருக்கு 5 முதல் 10 மடங்கு கொடுப்பது சாதாரணம் என்று ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் 2006 மனித மேம்பாட்டு அறிக்கை சொன்னது. ‘குழாய் வந்தால் எவ்வளவு தருவீர்கள்?’ என்று கேட்காதீர்கள். கட்டணம் குறையட்டும் என்று குறைத்தும் சொல்வார்கள், குழாய் வரட்டும் என்று கூட்டியும் சொல்வார்கள். நேற்று தண்ணீருக்கு எவ்வளவு செலவானது என்று கேளுங்கள்.

உண்மையான தடை மாதக் கட்டணம் இல்லை, தொடக்கத்தில் மொத்தமாகக் கேட்கும் டெபாசிட். புனோம்பென்னில் ஏழைக் குடும்பங்களுக்கு இணைப்புச் செலவில் 30 முதல் 100 சதவீதம் வரை தள்ளுபடி தந்தார்கள், மீதியைத் தவணையில் வாங்கினார்கள். கூடுதலாகப் பயன்படுத்தினால் கூடுதல் விலை என்ற கட்டண முறை உள்ள ஊர்களில் இன்னொன்றையும் பாருங்கள்: ஐந்து குடும்பங்கள் ஒரு மீட்டரைப் பகிர்ந்தால், ஏழைகளே பணக்காரர்களின் விலைப்படிக்குப் போய்விடுவார்கள்.

பொதுக்குழாயா, வீட்டிணைப்பா என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டுமா?

இறுதியாக வேண்டாம், தோராயமாக வேண்டும். ஒரு பகுதிக்கு வீட்டிணைப்பும் இன்னொன்றுக்குப் பொதுக்குழாயும் போடுவதாகக் கணக்கிட்டு, தலைக்குச் செலவை ஒப்பிட்டால் அது ஒப்பீடே இல்லை. எல்லாப் பகுதிக்கும் ஒரே சேவை நிலையை வைத்து மதிப்பிடுங்கள்.

கழிவுநீரைப் பற்றியும் யோசிக்க வேண்டுமா?

உள்ளே போகும் தண்ணீரில் ஏறத்தாழ 80 சதவீதம் கழிவாக வெளியே வரும். சற்று முன் பார்த்த 9,070 பேர் பகுதியில் அது நாளுக்கு 360 கன மீட்டர். வடிகால் இல்லாவிட்டால் அது வாசலில்தான் நிற்கும். இதற்காகப் பகுதியைக் கழித்துவிட வேண்டாம். வடிகால் செலவையும் மதிப்பீட்டில் சேருங்கள்.

அரசியல் தலையீட்டை எப்படிச் சமாளிப்பது?

தலையீடு வராது என்று நினைத்துத் திட்டமிடுவது வீண். வருகிற இடத்தை மாற்றலாம். அளவுகோலையும் அதற்கான எடையையும் (எந்த அளவுகோலுக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதை) தகவல் திரட்டுவதற்கு முன்பே நகராட்சி மன்றத்தில் வைத்து ஒப்புதல் வாங்குங்கள். எந்தப் பகுதிக்கு எவ்வளவு வரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது; அதனால் பேச்சு கொள்கையைப் பற்றி இருக்கும். மதிப்பெண் வந்த பிறகு எடையை மாற்றுவது என்றால், எல்லாப் பகுதிக்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்று விதி வையுங்கள். எடைகளைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதும் நல்லது. எப்படிப் போட்டாலும் முதலில் வரும் பகுதிகளைத் தைரியமாக அறிவிக்கலாம். சிறு மாற்றத்துக்கே இடம் மாறுபவை சமம் என்று ஒப்புக்கொண்டு, அங்கே மன்றம் தேர்வு செய்யட்டும். மன்ற உறுப்பினர்களும் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள்தானே.

தேர்வாகாத பகுதிகளின் பட்டியலையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணத்தோடு ஒட்டுங்கள். ‘அழுத்தம் போதவில்லை, மேல்நிலைத் தொட்டி முடிந்ததும் மறுபரிசீலனை’ என்று எழுதினால், கோபம் வந்தாலும் அடுத்து என்ன கேட்பது என்பது அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் பகுதி பட்டியலிலேயே இல்லை. நாங்கள் என்ன செய்வது?

வீடுகளை எண்ணி, கையால் ஒரு வரைபடம் போடுங்கள். ஒரு வாரத்துக்குத் தண்ணீர் எங்கே, எவ்வளவு நேரம், என்ன விலை என்று பத்துப் பதினைந்து குடும்பங்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். அதன் நகலோடு நகராட்சிக்கும் குடிநீர் நிறுவனத்துக்கும் தனித்தனியே மனுக் கொடுத்து, பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் குழாய் வேண்டும் என்பதோடு, பட்டியலில் எங்கள் பகுதியைச் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கையையும் தனியாக எழுதுங்கள். அதை ஏற்கப் பணம் எதுவும் செலவாகாது என்பதால் அதிகாரி மறுப்பது கடினம். நிதி ஆண்டு தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்பே கொடுத்துவிடுங்கள். பணம் ஒதுக்கிய பிறகு போனால் அடுத்த ஆண்டு வரச் சொல்வார்கள்.